கோரம்: குறைவெண்ணா, நடப்பெண்ணா?

ஆகஸ்ட் 15, காலை 11 மணி. நாடகமேடைக்கு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டாயிற்று. பாதிக்கு மேல் காலி. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது: “கோரம் இல்லாத காரணத்தால் கிராம சபைக் கூட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கும்.” வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா பக்கத்தில் நின்றவரைப் பிடித்துக் கேட்டார்: “கோரமா? யாருக்குய்யா என்ன ஆச்சு?”

சிரித்துவிட்டார்கள். சிரிக்க வேண்டியது அந்த அம்மாவைப் பார்த்து இல்லை. அவர் கேட்டது சரியான தமிழ். விபத்தின் கோரம், கோரப்பல், கோரத் தாண்டவம் என்று நாம் பேசுகிற கோரம் ‘பயங்கரம்’ என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்து தமிழில் ஊறிப்போன சொல். ஊராட்சி செயலர் ஒலிபெருக்கியில் சொன்ன கோரம் வேறு. அது லத்தீனில் பிறந்து, ஆங்கிலம் வழியாகச் சட்டமன்றத்துக்கும் சங்கக் கூட்டங்களுக்கும் வந்து, கடைசியாக நாடகமேடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டுமோ, அந்த எண்ணிக்கைதான் இந்தக் கோரம்.

இந்த இரண்டும் போதாதென்று மூன்றாவது கோரமும் உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளின் தலைப்பில் நீதிபதிகளின் பெயருக்கு முன்னால் ‘கோரம்’ என்று போட்டிருப்பார்கள். அதுவும் லத்தீன்தான், ஆனால் தனிச்சொல். ‘முன்னிலையில்’ என்று பொருள். லத்தீன் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியும். தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

கூட்டத்துக் கோரத்தின் பிறப்பு சுவையானது. லத்தீனில் அது பெயர்ச்சொல்லே இல்லை. ‘அவர்களுள்’ என்று பொருள்படும் ஒரு வேற்றுமை வடிவம், அவ்வளவுதான். பழைய இங்கிலாந்தில் ஒரு வட்டாரத்துக்கு அமைதி காக்கும் நீதிபதிகளாகப் பலரை நியமித்து அரசர் ஆணை அனுப்புவார். எல்லோருக்கும் சட்டம் தெரிந்திருக்காது. ஆகவே ஆணையில் ஒரு வரி சேர்ப்பார்கள்: இத்தனை பேர் கூடி விசாரிக்கலாம், ‘அவர்களுள் இன்னார் ஒருவராக இருக்க வேண்டும் என விரும்புகிறோம்’ என்று. அந்த வரியின் முதற்சொல் ‘குவோரும்’. வரி முழுவதையும் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆணையில் பெயர் குறிக்கப்பட்ட நீதிபதிகளை ‘கோரத்து நீதிபதிகள்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் வராவிட்டால் அமர்வு நடக்காது.

ஆக, முதலில் கோரம் என்பது ‘யார் யார்’ என்ற கேள்வி. பிற்காலத்தில்தான் அது ‘எத்தனை பேர்’ என்றானது. இன்றைக்கு எந்த அவையிலும் இரண்டாவது பொருள்தான். மக்களவைக்கு மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு என்று அரசமைப்புச் சட்டத்தின் 100ஆம் உறுப்பு சொல்கிறது. 543 பேருக்கு 55. மாநிலச் சட்டப்பேரவைக்கு 10 பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது கூடுதலோ அது; 234 இடங்கள் உள்ள நம் பேரவைக்கு 24 ஆகிறது.

ஊருக்கு வருவோம். ஊராட்சியில் இரண்டு வகைக் கூட்டங்கள் இருப்பதைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் உட்காருவது ஊராட்சி மன்றக் கூட்டம். அங்கே தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, செலவுச்சீட்டு என்று மாதாந்திர வேலைகள் நடக்கும். கோரம் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து. கிராம சபை அப்படியல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோருமே அதன் உறுப்பினர்கள். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அமைந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்ததோடு, 2022இல் மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்தார்கள்.

கிராம சபைக்கு மக்கள்தொகையை வைத்துப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர் வர வேண்டும். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200. அதற்கு மேல் 300. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 400 பேர் வாழும் ஊரில் 50 என்றால் எட்டில் ஒருவர் வந்தாக வேண்டும். 10,000 பேர் வாழும் ஊரில் 200 போதும்; ஐம்பதில் ஒருவர். சின்ன ஊருக்குத்தான் சுமை அதிகம். இன்னொன்று, படிக்கட்டு மக்கள்தொகையை வைத்து என்பதால் கைக்குழந்தையும் கணக்கில் ஏறுகிறது, ஆனால் இடத்தை நிரப்ப வாக்காளர்தான் வர முடியும். கேரளத்தில் வேறு வழி பிடித்தார்கள். வார்டு அளவில் கிராம சபை, வாக்காளரில் பத்து விழுக்காடு.

கோரத்தையும் பெரும்பான்மையையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. 2,400 பேர் உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் தொடங்கலாம், அது கோரம். வந்த 100 பேரில் 51 பேர் கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறும், அது பெரும்பான்மை. ஊரில் பாதிப்பேர் வந்தால்தான் தீர்மானம் செல்லும் என்று டீக்கடையில் அடித்துச் சொல்பவரிடம் இதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

இனி தமிழ்ச்சொல். தமிழ்நாட்டில் அரசுத் தாள்களில் இருப்பது ‘குறைவெண்’, அல்லது கொஞ்சம் நீட்டி ‘குறைவெண் வரம்பு’. கிராம சபைக்கான அறிவுரைகளில் ‘குறைவெண் வரம்பு’ என்றுதான் அச்சிட்டிருக்கும். குறைந்த அளவாக இருக்க வேண்டிய எண் என்ற கருத்தில் கட்டிய சொல். கருத்து சரி, கட்டு சரியில்லை என்பது என் எண்ணம். ‘குறைவு’ என்ற சொல் தமிழன் காதில் விழுந்ததும் பற்றாக்குறைதான் நினைவுக்கு வரும். “குறைவெண் இல்லை” என்றால் குறையில்லை, ஆள் நிறைய வந்துவிட்டார்கள் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? சொல்லவந்ததற்கு நேர் எதிரான பொருள் கிடைக்கிறது. ‘வரம்பு’ சேர்த்தால் தெளியும் என்று நினைத்திருப்பார்கள். வரம்பு என்றால் தாண்டக் கூடாதது என்ற நினைப்பு வேறு வந்து சேர்கிறது. 100 பேர் வரம்பு என்றால் 101ஆவது ஆளை வாசலில் நிறுத்துவதா?

இலங்கைத் தமிழர் இதைத் தெளிவாகச் செய்திருக்கிறார்கள். அங்கே நாடாளுமன்றத்திலும் பிரதேச சபையிலும் ‘கூட்ட நடப்பெண்’ என்கிறார்கள். கூட்டம் நடப்பதற்கான எண். “கூட்ட நடப்பெண் இன்மையால் சபை ஒத்திவைக்கப்பட்டது” என்று எழுதினால் அகராதி தேவையில்லை. அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அவைத் தலைமையில் இருப்பவரையும் சேர்த்து 20 பேர் நடப்பெண். ஓர் எண் எதற்காக என்பதைச் சொல்லிலேயே வைத்திருப்பதால் இதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். பேச்சில் ‘நடப்பெண்’ என்று சுருக்கினாலும் பொருள் கெடாது.

‘குறை’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் அது புதிதாக வந்து உட்கார்ந்ததல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபை நிலம் விற்றாலும், வரி நீக்கினாலும், கோயிலுக்கு விளக்கு வைக்க ஏற்பாடு செய்தாலும், ஆவணத்தின் தொடக்கத்தில் சபையார் எங்கே எப்படிக் கூடினார்கள் என்று சொல்லிவிட்டே மேலே போவார்கள். அங்கே அடிக்கடி வருகிற தொடர் ‘கூட்டக் குறைவறக் கூடியிருந்து’. கூட்டத்தில் குறை இல்லாமல் கூடி இருந்து. இன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் ‘போதிய கோரத்துடன்’ என்று எழுதுகிற அதே இடத்தில் அன்றைக்கு இந்தத் தொடர்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ‘குறைவற’ என்பதில் எண் கிடையாது. ஐம்பதோ நூறோ அல்ல, வர வேண்டியவர் யாரும் விடுபடாமல் என்பதே கேட்பது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள் இதில் இன்னும் கண்டிப்பு. குடவோலை எடுக்கும்போது மகாசபையை இளையோர் முதியோர் உட்பட ‘நிரம்பக் கூட்டிக்கொள்ள’ வேண்டும், அன்று ஊரில் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவரும் விடுபடாமல் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பிறகுதான் குடத்தில் ஓலை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஏமாந்துவிடக் கூடாது. அந்த ‘நிரம்ப’ என்பது பிரமதேயத்து, அதாவது பிராமணருக்குக் கொடையாக விட்ட ஊரின், பிராமணர், அதிலும் ஆண்கள், என்ற வேலிக்குள் நிரம்புவது. தகுதிக்கு நிலமும் வீடும் படிப்பும் கேட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் அந்தக் குறைவில் சேரவே மாட்டார்கள். இன்றைய நூறு பேரில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களே பாதிக்கு மேல் இருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். எண்ணிக்கையைப் பேசும் கோரத்துக்கு அந்த மதிப்பாவது உண்டு.

பக்கத்தில் இன்னொரு சொல்லையும் பார்த்துவிட்டுப் போகலாம். நெல்லைப் பக்கத்து மானூரில் ஏறத்தாழ கி.பி. 800ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று சபைக் கூட்டத்துக்கு விதி வகுக்கிறது. அதில் சபையில் கலந்து பேசும் உரிமைக்குப் பெயர் ‘மன்றாடுதல்’. மன்றத்தில் ஆடுதல், அதாவது அவையில் பங்கெடுத்துப் பேசுதல். எதைச் சொன்னாலும் மறுத்துக் ‘குத்துக்கால்’ போடுபவர்களுக்கும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்றும் அது சொல்கிறது. அந்தப் பழக்கமும் அவ்வளவு பழையது! உரிமையோடு பேசுவதைக் குறித்த மன்றாடுதல் எப்படியோ தேய்ந்து, இன்றைக்குக் கெஞ்சுவது என்றாகிவிட்டது. குடிநீர்க் குழாய்க்கு மனு கொடுத்துவிட்டு நிற்கும்போது இரண்டு பொருளும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

கோரம் எண்ணாகிவிட்டதன் விளைவை ஊரில் பார்க்கலாம். எண் வேண்டும் என்றால் எண்ணை மட்டும் சேர்க்கலாம். கூட்டம் முடிந்த பிறகு வருகைப் பதிவேடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். கைநாட்டு வைத்தவர் எதற்கென்று கேட்டதும் இல்லை, சொன்னவரும் இல்லை. பதிவேட்டில் குறைவெண் நிறைந்துவிடும். வரவு செலவுப் படிவத்தைப் படிக்கும்போது “இந்த மோட்டார் எத்தனை முறைதான் பழுதாகும்?” என்று கேட்க ஆள் இருந்தாரா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. பழைய ஆங்கில ஆணையின் ‘அவர்களுள் இன்னார்’ என்ற பொருள் அப்போது நினைவுக்கு வருகிறது. அந்த மோட்டார்க் கேள்வியைக் கேட்கும் ஓர் ஆள் இல்லாத கூட்டத்தில் மற்ற 99 பேர் என்ன செய்வது?

அறிவிப்பில் எந்தச் சொல்லைப் போடுவது என்று கேட்டால், எழுத்தில் ‘கூட்ட நடப்பெண்’. அரசுப் படிவத்தில் ‘குறைவெண் வரம்பு’ என்று அச்சிட்டிருந்தால் அதை மாற்றக் கிளம்ப வேண்டாம். பக்கத்தில் அடைப்புக்குள் நடப்பெண் என்று எழுதலாம். ஒலிபெருக்கியில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். தண்டோரா போடும் வழக்கம் 2022இல் அரசு சொல்லி நின்றபிறகு ஆட்டோவில் குழாய் கட்டித்தான் அறிவிக்கிறார்கள். “கூட்டம் தொடங்க நூறு பேர் வேணும், எண்பத்தாறு பேர் வந்திருக்காங்க, இன்னும் பதினாலு பேர் வாங்க” என்றால் வேப்பமரத்தடிப் பெரியம்மாவுக்கும் புரியும்.

அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. யாரோ ஒருவர் ஒலிவாங்கியை வாங்கி இதே கணக்கைச் சொன்னார். பெரியம்மா எழுந்துபோய் மருமகளையும் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டி வந்தார். 11.40க்கு 104 கையெழுத்து. தீர்மானப் புத்தகத்தின் முதல் வரியில் செயலர் எழுதினார்: ‘போதிய கோரத்துடன் கூட்டம் இனிதே தொடங்கியது.’