தராசடியில் மழைக்கணக்கு

மண்சரிவு பற்றி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் விளக்கம் சொல்வதும் என் தொழிலில் ஒரு பங்கு. ஆரம்பத்தில் வாசிகசாலையில் திரை கட்டிப் படம் காட்டுவேன். பத்துப் பேர் வருவார்கள், பாதி சிறுபிள்ளைகள். மலையிலிருந்து இறங்கி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்ட வேண்டியவர்கள் எப்படி வருவார்கள்? பிழை என்னுடையதுதான்.

ஒருநாள் ஊவாப் பக்கத் தோட்டமொன்றில் மழைக்குக் கொழுந்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒதுங்கினேன். நிறுவை நடந்துகொண்டிருந்தது. ஈரக் கொழுந்தென்று ஆளுக்கு இரண்டு கிலோ கழித்தார்கள். ஒரே முணுமுணுப்பு. (அந்தக் கழிவு நியாயமா என்பது தனிக்கதை.) "அக்கா, கொழுந்துல ஒட்டுற தண்ணியே இவ்வளவு கனம்னா, மலை குடிக்கிற தண்ணி எவ்வளவு கனக்கும்?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கணக்கைத் தரையிலேயே போட்டோம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழையென்றால் ஒரு லீற்றர், அதாவது ஒரு கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா (தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறை) ஏறக்குறைய 11 சதுர மீற்றர். 75 மில்லிமீற்றர் பெய்தால் அந்த அளவு நிலத்தில் மட்டும் 800 கிலோவுக்கு மேல் விழும். "நாப்பது பேரு ஒருநாள் கொழுந்து, சேர்!" என்றார் ஓர் அக்கா.

எல்லாம் மண்ணுக்குள் போகாது, கானிலும் (வடிகாலிலும்) ஓடும். ஆனால் போவது வெறும் பாரமல்ல. மண்துகள்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கித் தள்ளும், பிடி தளரும். அடைபட்ட கானைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையிலும் முதல் படி இதே 75தான். 24 மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்த மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை அங்கே எவருக்கும் நினைவூட்டத் தேவையிருக்கவில்லை.

மழையை அளக்க ஒரு சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டிப் புனலாகக் கவிழ்த்தோம். அடிப்பக்கம் மேடுபள்ளம் என்பதால் கூழாங்கல் போட்டு, ஒரு கோடுவரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து அடிமட்டத்தை (அளவுகோலை) ஒட்டினோம். "வாளி வச்சா கூடப் புடிக்குமே?" என்றான் ஒரு பையன். நேர்ச்சுவர் வாளியென்றால் தண்ணீர் கூடும், உயரம் கூடாது. அவனே இரண்டையும் வெளியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

இப்போது பெரட்டு நேரத்தில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், போத்தலைப் பார்த்து மடுவச் சுவரில் சோக்கால் எழுதுகிறார்கள். சென்றமுறை போனபோது மழைக்கணக்கின் கீழே இன்னொரு வரி இருந்தது: "லயத்துக்குப் பின்னால புது ஊத்து, கலங்கல்." நிலவெடிப்பு, சாயும் மரம்போல அதுவும் சரிவின் முன்னறிகுறி. அன்று போத்தலில் 40தான். குடையை விரித்துக்கொண்டு மேலே ஏறினேன். எழுதிய அக்கா முன்னால் நடந்தார்.