கார் பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் ஏன் முதலில்?

கார் பேட்டரிக்கு ஒரு வரிசை உண்டு. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், ஆனால் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் "அப்படித்தான் செய்யணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காரணம் தெரிந்துவிட்டால் வரிசையை மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை, மறந்துபோனாலும் பானெட்டைத் திறந்து பார்த்து நாமே கண்டுபிடித்துவிடலாம்.

விஷயம் இதுதான்: காரின் இரும்பு பாடியே ஒரு ஒயர். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், பின்விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர் என்று இழுத்தால் செம்புச் செலவும் எடையும் எங்கேயோ போய்விடும். அதனால் பேட்டரியின் மைனஸை ஒரு தடித்த கேபிளால் பாடியிலும் எஞ்சினிலும் இறுக்கிவிடுகிறார்கள். போகிற மின்சாரம் ஒயரில் போகும், வருகிற மின்சாரம் பாடி வழியாக வந்துசேரும். ஆக, பானெட்டுக்குள் பெயின்ட் இல்லாமல் தெரிகிற உலோகத்தில் பெரும்பகுதி பேட்டரியின் மைனஸ் முனைதான்.

இப்போது மைனஸ் மாட்டியபடியே இருக்கும்போது பிளஸ் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கார்களில் பேட்டரி ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பக்கவாட்டுத் தகடு, பேட்டரியை அமுக்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டை, அதை இழுத்துக் கட்டுகிற நீள போல்ட் எல்லாம் இருக்கும். எல்லாமே இரும்பு, எல்லாமே மைனஸ். ஸ்பேனரின் மறுமுனை இதில் ஒன்றைத் தொட்டால் போதும், பிளஸும் மைனஸும் நேருக்கு நேர் சேர்ந்துவிடும். நடுவில் காப்பாற்ற ஃபியூஸும் கிடையாது, ஏனென்றால் ஃபியூஸ் எதுவாக இருந்தாலும் அது டெர்மினலைத் தாண்டித்தான் வருகிறது.

மைனஸை முதலில் கழற்றும்போது இந்த ஆபத்து இல்லை. அந்த ஸ்பேனர் பாடியில் பட்டாலும் மைனஸும் மைனஸும்தான் சேர்கின்றன, ஒன்றும் ஓடாது. மைனஸ் கழன்றுவிட்டால் பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே அறுந்துபோகிறது, அதற்குப் பிறகு பிளஸ் ஸ்பேனர் பாடியில் எங்கே இடித்தாலும் மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லை. மாட்டும்போதும் இதே கணக்கு, அதனால்தான் அங்கே பிளஸ் முதலில். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் பாடியோடு இணைந்திருக்கும். அப்படி ஒரு பழைய வண்டி யாரிடமாவது இருந்தால், அதில் வரிசை அப்படியே தலைகீழ்.

வெறும் 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். ஷாக் அடிக்காது என்பது சரிதான், உலர்ந்த தோலின் மின்தடை அவ்வளவு அதிகம், இரண்டு முனையையும் கையால் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் இரும்புக்கு அப்படித் தடை கிடையாது. பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே 1859-ல் செய்துகாட்டிய ஈய-அமில பேட்டரிதான் இன்னும் நம் கார்களில் இருப்பது. உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்ற ஒரே மூச்சில் 100, 200 ஆம்பியர் கேட்கும், அதைக் கொடுப்பதற்கென்றே நிறைய மெல்லிய தகடுகளை அடுக்கி உள் மின்தடையை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். 12.6-ஐ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், ஆயிரம் ஆம்பியரைத் தாண்டும். ஸ்பேனர் தொடுகிற இடத்துத் தடையெல்லாம் போக 500 ஆம்பியர் ஓடினாலே 6 கிலோவாட், அதாவது மூன்று கெய்சர்களின் வெப்பம். அதில் ஒரு பங்கு பேட்டரிக்குள்ளும் மிச்சம் ஸ்பேனரிலும் இறங்குகிறது. ஸ்பேனர் நுனி உருகி ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்து அது நடுவில் மாட்டிக்கொண்டால் மோதிரமே சூடேறும் கம்பியாகிவிடும், கழற்றக்கூட நேரம் இருக்காது. மோதிரம், உலோக ஸ்ட்ராப் வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் தொட வேண்டும். இதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. சார்ஜ் ஏறும்போது, முக்கியமாக நிரம்பிய பிறகும் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஆசிட்டில் இருக்கிற தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவருகின்றன. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அதனால் நீண்ட தூரம் ஓட்டிவந்து நிறுத்தியதும், சார்ஜரிலிருந்து எடுத்ததும் உடனே டெர்மினலில் கை வைக்காமல், பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுவது நல்லது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கடைசி மைனஸ் கிளிப்பைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் உலோகத்தில் மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான், கடைசி இணைப்பில்தான் பொறி வரும்.

சரி, எதற்குக் கழற்ற வேண்டும்? பேட்டரி மாற்ற, டெர்மினலைச் சுத்தம் பண்ண, இல்லையென்றால் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போக. சாவியை எடுத்த பிறகும் அலாரம், கடிகாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 40 மில்லி ஆம்பியர் போனால் ஐந்து வாரத்தில் எல்லாம் காலி, செல்ஃப் எடுக்காமல் போக அதில் பாதி நாள் போதும். 2020 ஊரடங்கில் எத்தனை கார்கள் இப்படிப் படுத்தன என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஊருக்குப் போவதற்கு மட்டும் என்றால் பேட்டரியைத் தூக்கவே வேண்டாம், மைனஸைக் கழற்றிவிட்டால் போதும். வெள்ளம் வரும் என்று தெரிந்து, வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்த இடம் கிடைக்காதவர்களுக்கும் இதுவேதான்: தண்ணீர் வருவதற்கு முன்பே மைனஸ் கழன்றிருந்தால் மின் இணைப்புகள் அரித்துப்போவது வெகுவாகக் குறையும்.

கழற்றும்போது முதலில் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். காருக்குள் வைத்தால் லாக் விழுந்துவிடும் வாய்ப்பு உண்டு. சில நிமிடம் பொறுக்க வேண்டும், கணினிகள் தூங்கப்போக அவ்வளவு நேரம் ஆகும். பெரும்பாலான கார்களில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் பொருந்தும். நட்டை முழுவதும் எடுக்க வேண்டாம், தளர்ந்தால் போதும். பிறகு கிளாம்பைப் பிடித்து இடவலமாக ஆட்டிக்கொண்டே மேலே தூக்க வேண்டும். வரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன், ஈய முனை பேட்டரி மூடியோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டு ஆசிட் கசிய ஆரம்பித்துவிடும். புதிய கார்களில் மைனஸ் கிளாம்பிலேயே ஒரு சென்சார் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நெம்பினால் செலவு வேறு. இன்னொன்று, கழன்ற கேபிள் சும்மா இருக்காது. தடித்த செம்பு என்பதால் வளைத்துவிட்ட இடத்திலிருந்து மெல்ல நிமிர்ந்து பழைய இடத்துக்கே திரும்பும், முனையைத் தொட்டுவிடும். ஒரு உலர்ந்த துணியைச் சுற்றி ஓரமாகச் சொருகி வையுங்கள்.

முனையில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருப்பது கசிந்த ஆசிட் ஈயத்தையும் செம்பையும் தின்றதால் வந்த சல்பேட் உப்பு. கேபிள்கள் இரண்டும் கழன்ற நிலையில், ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கரைசல் பேட்டரி மூடித் துளைகளுக்குள் இறங்கக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிடித்த ஜீன்ஸ் வேண்டாம், அடுத்த துவையலில் ஓட்டை ஓட்டையாக வெளியே வரும். கண்ணில் ஆசிட் பட்டால் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

மாட்டும்போது பிளஸ், அப்புறம் மைனஸ். கடைசியாக மைனஸ் தொடும்போது "டிக்" என்று ஒரு சின்னப் பொறி வரும், கணினிகளுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே நொடியில் நிரம்புவதால் வருவது, பயப்பட வேண்டாம். பெரிதாகப் பொறிந்தால் ஏதோ ஒரு விளக்கோ இக்னிஷனோ ஆனில் இருக்கிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டுப் பாருங்கள். புதிய பேட்டரி வாங்கினால் குறியீட்டின் கடைசி எழுத்தையும் பாருங்கள். எல், ஆர் என்ற எழுத்துகள் முனைகள் எந்தப் பக்கம் என்பதைக் குறிப்பவை, தவறானதை வாங்கினால் கேபிள் எட்டாது. பிளஸ் முனை மைனஸைவிடக் கொஞ்சம் தடிமனாக இருப்பதும் மாற்றி மாட்டாமல் இருக்கத்தான். அதையும் மீறி மாற்றிவிட்டால் மின்சாரம் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) டயோடுகள் வழியாகப் பாய்ந்து மெயின் ஃபியூஸையோ டயோடுகளையோ எரித்துவிடும். இறுக்கிய பிறகு கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம்.

எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி, வண்டி அணையாமல் ஓடினால் "டைனமோ நல்லா இருக்கு" என்று சொல்கிற பழைய வழக்கம் இன்னும் சாகவில்லை. கணினி இல்லாத காலத்தில் அது எப்படியோ ஓடியது. இன்று ஆல்டர்னேட்டர் நன்றாகச் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பேட்டரி சட்டென்று விலகினால், அதன் காந்தப்புலம் உடனே குறையாது, போக இடமில்லாத மின்னோட்டத்தால் வோல்டேஜ் எகிறும். உள்ளே தடுக்கும் டயோடு இல்லாவிட்டால் 80, 100 வோல்ட் வரைகூடப் போகும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் 12 வோல்ட்டுக்குச் செய்த கணினிக்கு அது போதும். யாராவது இப்படிச் சோதிக்க வந்தால் தைரியமாக வேண்டாம் என்று சொல்லுங்கள். மல்டிமீட்டரில் ஓடும் எஞ்சினில் 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மாட்டி முடித்த பிறகு முதல் கொஞ்ச தூரத்துக்கு ஆக்ஸிலேட்டரை அழுத்தாத நேரத்தில் (ஐடிலில்) எஞ்சின் வேகம் ஏறி இறங்கலாம், கணினி தன் பழைய அளவுகளை மறந்துவிட்டு மறுபடி கற்றுக்கொள்கிறது. டேஷ்போர்டில் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் வீலை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பினாலோ கொஞ்சம் ஓட்டினாலோ பெரும்பாலும் அணைந்துவிடும். ஒரே தட்டில் ஏறும் பவர் விண்டோ பாதியில் நின்றால், கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றி, பட்டனை விடாமல் சில நொடி இழுத்துப் பிடித்திருங்கள், பல கார்களில் அத்தோடு சரியாகிவிடும்.