கோல்னா ஈஸி, ஜோட்னா தான் வில்லங்கம்

எங்க வேலூர் பக்கம் ரைஃபிள் பிடிச்சவங்க நிறைய பேருக்கு தெரிஞ்ச முதல் ஹிந்தியே கோல்னா, ஜோட்னா தான். பிரிக்கிறது, திரும்ப மாட்டுறது. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, அந்த அளவுக்கு மிலிட்டரிக்காரங்க. நான் காலேஜ்ல என்சிசில இருந்தப்ப எங்களுக்கு வந்த உஸ்தாத், அதாவது பயிற்சி குடுக்குறவர், ஆரணிக்காரர், அடிக்கடி சொல்லுவாரு, "பிரிக்கிறதுக்கு இன்னாப்பா கீது, கொழந்த கூட பிரிக்கும்"னு. எதுக்கு சொல்றாருன்னு ஒரு கேம்ப்ல தான் புரிஞ்சுது.

தார்ப்பாய் மேல எட்டு .22 ரைஃபிள், எட்டு பசங்க. எல்லாரும் போல்ட்ட, அதாவது தோட்டாவ உள்ள தள்ளி பின்பக்கத்த மூடுற இரும்புத் தண்ட, கழட்டி ஒரே இடத்துல வச்சுட்டோம், அரட்டை வேற. தொடச்சு முடிச்சு கைக்கு வந்த போல்ட்ட எடுத்து மாட்டுனோம், எல்லாமே வழவழன்னு உள்ள போச்சு, மூடுச்சு. உஸ்தாத் வந்து போல்ட் கைப்பிடிகிட்ட பொறிச்சிருந்த நம்பர பாத்தாரு, ரைஃபிள் மேல இருந்த நம்பர பாத்தாரு, அப்புறம் எட்டு பேரும் கிரவுண்ட சுத்தி ஓடுனோம்.

உள்ள போச்சுல்ல, அப்புறம் என்ன தப்புன்னு அன்னிக்கு எனக்கு கோவம். விஷயம் இதான். போல்ட்ட மூடுனதும் அதோட முகப்புக்கும் பேரலோட பின்பக்கத்துக்கும் நடுவுல தோட்டாவோட அடி விளிம்பு உக்கார்ற அளவுக்கு மட்டும் ஒரு இடைவெளி இருக்கணும், ஹெட்ஸ்பேஸ்னு சொல்லுவாங்க. இதே குடும்பத்து .303 ரைஃபிள்ல அது 0.064 இன்ச்ல இருந்து 0.074 இன்ச்சுக்குள்ள இருக்கணும், அதாவது வித்தியாசமே கால் மில்லிமீட்டர் தான். சுடும்போது பித்தளைக் கூட்டோட முன்பாதி விரிஞ்சு சேம்பர், அதாவது தோட்டா உக்கார்ற குழி, அதோட சுவத்த கெட்டியா பிடிச்சுக்கும், அடிப்பாகம் மட்டும் போல்ட் தடுக்குற வரைக்கும் பின்னாடி தள்ளப்படும். இடைவெளி ஜாஸ்தின்னா கூடு நடுவுல இழுபட்டு அடிகிட்ட கிழிஞ்சுரும், மருந்து எரிஞ்சு உள்ள அழுத்தமா இருக்குற காத்து சுடுறவன் மூஞ்சி பக்கம் வரும். லாரி டயர்ல நாம அடிக்கிறது 110 பிஎஸ்ஐ மாதிரி, இங்க உள்ள இருக்குறது 40,000த்துக்கும் மேல, யோசிச்சுக்கோங்க. ஃபேக்டரில ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த ரைஃபிளுக்குன்னு அளந்து பொருத்தி நம்பர் போடுறது இதுக்குத்தான். .303ல போல்ட்டோட தலை தனியா திருகுற பீஸ், அதையும் கடைசி வரைக்கும் திருகாம ஒரு சுத்து விட்டுட்டா தோட்டா போட்டதும் போல்ட் சரியா மூடாது, நம்மாளுங்க அதை உள்ளங்கையால அடிச்சு மூடப் பாப்பாங்க.

எஸ்எல்ஆர்ல, அதாவது அடுத்த தோட்டாவ தானே ஏத்திக்கிற ரைஃபிள்ல, வேற மாதிரி கூத்து. குண்டு பேரல்ல போகும்போது கொஞ்சம் காத்து மேல இருக்குற ஓட்டை வழியா வந்து பிஸ்டன தள்ளும், பிஸ்டன் போல்ட்ட பின்னாடி தள்ளும், காலிக்கூடு வெளிய விழுந்து அடுத்த தோட்டா ஏறும். முன்னாடி இருக்குற கேஸ் பிளக்க, அதாவது அந்த காத்து வழியோட அடைப்ப, தலைகீழா மாட்டுனா அந்த வழியே அடைஞ்சுரும். அது டிசைன்ல வேணும்னே வச்சது, கிரனேட் விடுறதுக்காக, ஏன்னா அப்ப மொத்த காத்தும் கிரனேட்ட தள்ளணும். தொடச்சிட்டு தெரியாம அப்படி மாட்டுனவன் ஒரு ரவுண்டு சுடுவான், அடுத்தது சுடாது, ஒவ்வொரு தடவையும் கையால இழுக்கணும். பிஸ்டனையே மாட்ட மறந்தாலும் இதே கதை தான். ரிப்பேர்னு நினைச்சு மறுபடி முழுசா பிரிக்கிறவங்களும் உண்டு.

அப்புறம் சிந்தி, பேரல் தொடைக்கிற துணி. தொடைக்க 4க்கு 2 இன்ச், எண்ணெய் போட 4க்கு ஒன்றரை, கணக்கு அவ்ளோ தான். துணி பத்தலன்னு பழைய பனியன கிழிச்சு தடியா விட்டா புல்த்ரூ, அதாவது துணிய பேரல் வழியா இழுக்குற கயிறு, அறுந்து துணி உள்ளயே மாட்டிக்கும், இல்ல ஒரு துண்டு கிழிஞ்சு தங்கிரும். அதோட சுட்டா குண்டு அங்க முட்டி நிதானிக்கும், பின்னாடி அழுத்தம் எகிறி பேரல் அந்த இடத்துல உப்பிரும், வெடிக்கவும் செய்யும். 1806ல நம்ம கோட்டையில புரட்சி நடந்த காலத்துல துப்பாக்கி வாய் வழியா மருந்து குத்துற ரகம், அவசரத்துல குத்துற கம்பிய உள்ளயே விட்டு சுடுறது அந்தக் காலத்து பட்டாளங்கள்ல சகஜமான தப்பு. மாட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கத்துல இருந்து பேரல் வழியா வானத்த பாக்க ரெண்டு செகண்ட் ஆகுமா?

கடைசியா எண்ணெய். ஊத்துனா நல்லதுன்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும். சேம்பர்ல எண்ணெய் இருந்தா மேல சொன்ன அந்த பிடிப்பே போயிரும், கூடு வழுக்கி மொத்த உதையும் போல்ட் மேல விழும். நம்மூர் வெயிலுக்கு எண்ணெய் தண்ணியா ஓடும் வேற, வாய் மேல இருக்குற மாதிரி நிக்க வச்சா பேரல்ல இருந்து கீழ வழிஞ்சு கட்டையில ஊறிரும். எங்க கோத்ல, அதாவது ஆயுதம் வைக்கிற ரூம்ல, இருந்த பழசுல ரெண்டு அப்படித்தான், போல்ட்டுக்கு பின்னாடி மரம் கன்னங்கரேல்னு கருத்துப் போய், நகத்தால அழுத்துனா பள்ளம் விழும்.