குதிரையில மாடு ஓட்டப் போறீங்களா? புழுதியைக் கவனிங்க

ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல கிராமப்பக்கம் டாக்டரா இருக்கேன். லீவு விட்டா பண்ணையில தங்கி ஒரு நாள் குதிரை மேல மாடு ஓட்டிப் பாக்குறதுக்கு, இங்க அதை மஸ்டரிங்னு சொல்வாங்க, நம்மாளுங்களும் குடும்பத்தோட கிளம்புறாங்க. எல்லாருக்கும் இருக்கிற பயம் குதிரை தள்ளிவிட்டுருமோன்னுதான். நியாயம்தான், ஹெல்மெட் போடுங்க, கொஞ்சம் குதிகால் வச்ச பூட்ஸ் போடுங்க, இல்லன்னா சேணத்துல கால் வைக்கிற அங்கவடிக்குள்ள பாதம் நழுவிடும், விழுறப்ப அது மாட்டிக்கிச்சுன்னா குதிரை அப்படியே இழுத்துட்டு ஓடிரும்.

ஆனா புழுதியைப் பத்தி யாரும் கேக்குறதே இல்ல. மந்தைக்குப் பின்னாடி போறவங்க மூக்குலதான் அது மொத்தமும் ஏறும், பட்டியில அடைக்கிறப்ப இன்னும் மோசம். அதுல காக்சியெல்லா பர்னெட்டின்னு ஒரு பாக்டீரியா இருக்கலாம், க்யூ ஃபீவர் வர்றது அதாலதான். மாடு, ஆடு எல்லாம் குட்டி போடுறப்ப நஞ்சுக்கொடியில ஏகத்துக்கும் வெளிய வரும், மண்ணோட காஞ்சாலும் சாகாது, காத்துல தூரமாவும் போகும். மாட்டைத் தொடக்கூட வேணாம், மூச்சுல போனாலே ஒட்டிக்கும், அதனால ஒரு நாள்தானேன்னு நினைக்காதீங்க. பிரிஸ்பேன்ல மாடு வெட்டுற கூடத்துத் தொழிலாளிங்களுக்கு வந்த காய்ச்சலைப் பத்தி எட்வர்ட் டெரிக்னு ஒரு டாக்டர் 1937லயே எழுதிட்டாரு, இன்னிக்கும் டூர் வர்றவங்க பலருக்கு இந்தப் பேரே தெரியாது, எனக்கு அதுதான் ஆதங்கம்.

காய்ச்சல் பெரும்பாலும் ரெண்டு மூணு வாரம் கழிச்சுதான் வரும், அதுக்குள்ள ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போக ஆரம்பிச்சிருப்பீங்க. தலைவலி மண்டையைப் பிளக்கும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், ஃப்ளூன்னு நினைச்சு பாராசிட்டமால் போட்டுட்டே இருப்பாங்க. டாக்டர் கேக்கலன்னாலும் மாட்டுப் பண்ணைக்குப் போனேன்னு நீங்களா சொல்லுங்க, சொன்னாத்தான் அதுக்கான ரத்த டெஸ்ட் எடுப்பாங்க. டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை ரெண்டு வாரம் எடுத்தா பெரும்பாலானவங்களுக்கு சரியாயிடும், கவனிக்காம விட்டா சிலருக்கு இதய வால்வு வரைக்கும் போயிடுது. ஏற்கனவே வால்வு பிரச்சினை இருக்கிறவங்க, மாசமா இருக்கிறவங்க, கன்னு போடுற சமயத்துல அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆஸ்திரேலியாவுல இதுக்குத் தடுப்பூசி 1989லருந்து இருக்கு, ஆனா போன உடனே போட்டுட மாட்டாங்க. முதல்ல ரத்த டெஸ்ட்டும் தோல் டெஸ்ட்டும் எடுத்து ஒரு வாரம் கழிச்சுப் பாப்பாங்க, ஏற்கனவே இந்தக் கிருமி பட்டவங்களுக்கு ஊசி போட்டா பெரிய ரியாக்ஷன் வரலாம். போட்ட பிறகும் பாதுகாப்பு வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும், அதனால ஒரு மாசம் முன்னாடியே டாக்டரைப் பாத்துடுங்க. 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு வழக்கமா இந்த ஊசி போடுறதில்ல, அவங்களைப் பட்டிப் பக்கம் விடாம குதிரை சவாரியோட நிறுத்திக்கோங்க.