மின்னல் என்று பெயர் வைத்தால் குதிரை ஓடிவிடுமா?

1928-இல் நியூசிலாந்தில் நடந்த ஏலத்தில் ஒரு குதிரைக்குட்டி 160 கினிக்கு (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) விலைபோனது. வாங்கியவர்கள் அதை நேரில் பார்த்திருக்கவில்லை. சிட்னியில் இருந்த ஹாரி டெல்ஃபோர்ட் என்ற பயிற்சியாளர் அதன் வம்சாவளியைப் படித்துவிட்டு, வாங்கலாம் என்று சொன்னார். டேவிஸ் என்ற அமெரிக்கர் பணம் போட்டார். கப்பலில் வந்து இறங்கிய குட்டியோ ஒல்லி, முகமெல்லாம் மரு. டேவிஸ் கொதித்துப்போய், பயிற்சிக்குக் காசு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பெயர் சொன்னவர் சிட்னியில் மருத்துவம் படித்த ஆப்ரி பிங் என்ற மாணவர். அவர் சொன்ன பெயர், நம் மலேசியாவின் வடக்கு எல்லைக்கு அப்பால் பேசப்படும் தாய்லாந்து மொழியில் மின்னலைக் குறிக்கும் சொல். ஆஸ்திரேலியாவின் பெரிய குதிரைப் பந்தயமான மெல்பர்ன் கோப்பையை வென்ற குதிரைகள் பலவற்றின் பெயர் ஆங்கிலத்தில் ஏழெழுத்து, இரண்டு சொல் என்று அமைந்திருந்ததால், டெல்ஃபோர்ட் எழுத்துக்கூட்டலை அதற்கேற்ப மாற்றி ‘ஃபார் லாப்’ என்று பதிவு செய்தார். முதல் பந்தயத்தில் அந்த மின்னல் கடைசியாக வந்தது. 1930-இல் மெல்பர்ன் கோப்பை அதன் கைக்கு வந்தது. மொத்தம் ஓடிய 51 பந்தயங்களில் 37 வெற்றி.

குதிரைக்குப் பெயர் வைப்பது நமக்குப் பழைய பழக்கம். காரி என்ற குதிரையில் ஏறிய வள்ளல் காரி, ஓரி என்ற குதிரையில் ஏறிய வள்ளல் ஓரி. அரசனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. இங்கே சுங்கை சிப்புட்டில், பால்மரக் காடுகள் செம்பனையாக மாறிய பிறகும், தோட்டத்துக் கோயில்களில் மதுரை வீரன் வெள்ளைக் குதிரையை விட்டு இறங்கவில்லை. பேராக் குதிரைப் பந்தயச் சங்கம் 1886-இல் தொடங்கியது. ஈப்போவில் உள்ள அதன் திடல் எங்களுக்குத் தொலைவில்லை. அங்கே குதிரை பராமரிக்கும் ‘சைஸ்’ வேலைக்குப் போன தமிழர்கள் பலர்.

இன்றைய விதிப்படி, இடைவெளியையும் சேர்த்து 18 ஆங்கில எழுத்துகளுக்குள் பந்தயக் குதிரையின் பெயர் அடங்க வேண்டும். புகழ்பெற்ற குதிரையின் பெயரை இன்னொன்றுக்கு வைக்க முடியாது. தாய், தந்தை இருவரின் பெயர்களிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துச் சேர்ப்பது வழக்கம். ஆனால் பெயர் சூட்டும் வயதில் குட்டிக்கு எலும்பே முற்றியிருக்காது. முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே உள்ள வளர்ச்சித் தட்டு மூட இரண்டு, இரண்டரை வயதாகும். அந்தக் குட்டி ஓடுமா ஓடாதா என்பதை உள்ளுறுப்புகள்தாம் தீர்மானிக்கின்றன.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற சைஸ் ஒருவர் இருக்கிறார். பந்தயத்தை விட்டுவிட்ட ஒரு குதிரையின் கீழ்த்தாடை எலும்புக்கு உட்புறம் என் விரல்களைப் பிடித்து வைத்து, “அழுத்தாதே தம்பி, அழுத்தினால் துடிப்பு ஒளிந்துகொள்ளும்” என்றார். தோலுக்கடியில் சுருண்ட கயிறு மாதிரி ஒரு நாளம் விரலில் தட்டுப்பட்டது. அது துடித்தது, அடுத்த துடிப்பு வராதோ என்று எண்ணும் அளவுக்கு நிதானமாக மறுபடி துடித்தது.

சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறைதான் துடிக்கும். அதே இதயம் முழு வேகத்தில் 220-ஐத் தாண்டிவிடும். மனித இதயத்தால் இப்படி ஆறு ஏழு மடங்கு ஏற முடியாது. நல்ல பந்தயக் குதிரையின் இதயம் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. உச்ச ஓட்டத்தில் அது நிமிடத்துக்கு 200 லிட்டருக்கும் மேல் இரத்தத்தை இறைக்கிறது. ஃபார் லாப்பின் இதயம் கான்பெராவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எடை 6.2 கிலோ.

இதயத்தைவிட என்னை வியக்க வைப்பது மண்ணீரல். குதிரை ஓய்வாக இருக்கும்போது அதன் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ அங்கேதான் தங்கியிருக்கும், அவசரத்துக்கென்று அஞ்சறைப் பெட்டியில் மடித்து வைத்த நோட்டைப் போல. ஓட்டம் தொடங்கியதும் அட்ரினலின் சுரந்து மண்ணீரல் சுருங்குகிறது. சேமித்திருந்த அணுக்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்தில் 40 விழுக்காடு அளவில் இருந்த சிவப்பணுக்களின் பங்கு 60-ஐத் தாண்டுகிறது. அவை சுமக்கும் கூடுதல் ஆக்சிஜன் தசைக்குப் போய்ச் சேர்கிறது. எப்போதுமே இவ்வளவு கெட்டியாக இருந்தால் அந்த இரத்தத்தைத் தள்ளுவதற்கே இதயம் திணறும். தேவைப்படும் நேரத்தில் மட்டும் கெட்டியாவதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது.

மூச்சுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது; மூக்கு ஒன்றுதான் வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று தாளம் தவறாமல் நடக்கும். மூச்சுக் குழலில் சிறு அடைப்பு வந்தாலும் எவ்வளவு பெரிய இதயமும் பயன்படாது.

நம் நாட்டில் ஓடும் குதிரைகளுக்குப் பெரிய சோதனை வெக்கைதான். பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து இங்கே வருபவை. தசை செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். அதை வெளியேற்றக் குதிரைக்கு இருக்கும் முதன்மையான வழி வேர்வை. குதிரை வேர்வையில் லாதரின் என்றொரு புரதம் இருக்கிறது. சவர்க்காரம் மாதிரி அது ரோமத்தை நனைத்து நீரைப் பரப்பிவிடுகிறது. பரந்த நீர் விரைவில் ஆவியாகிறது. சேணத்தின் ஓரத்திலும் தொடையிடுக்கிலும் வெள்ளையாக நுரை தள்ளுவது இதனால்தான்.

ஆனால் நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை சட்டென்று ஆவியாவதில்லை. உடல் சூடு குறையாததால் சுரப்பிகளுக்கு ஓய்வில்லாமல் உத்தரவு போய்க்கொண்டே இருக்கிறது. சில குதிரைகளில், வேர்வைச் சுரப்பிகள் ஒரு கட்டத்துக்குமேல் அந்த உத்தரவைக் கேட்பதையே விட்டுவிடுகின்றன. குதிரை வேர்க்காமல் நின்றுவிடுகிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட பந்தயக் குதிரைகளிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். பிடரி மயிருக்கு அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்த தோல், விரிந்த மூக்கு, அடங்காத மூச்சு என்று நிற்கும். எத்தனை நம்பிக்கையோடு இறக்கிய இளங்குதிரையானாலும் அதற்குமேல் ஓடாது. ஓடவைத்தால் உயிருக்கே ஆபத்து.

லாயங்களில் விடியும் முன்பே பயிற்சியை முடிப்பதும், குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி வழித்தெடுப்பதும், மின்விசிறியை விடாமல் ஓடவிடுவதும் இதற்காகத்தான். வேர்வை நின்ற குதிரைக்குக் கைகண்ட மருந்து இல்லை. குளிர்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் மறுபடி வேர்க்கத் தொடங்குகிறது. அதனால் ஈப்போவுக்குப் போகிறவர்கள் பந்தயம் முடிந்து திரும்பும் குதிரையின் கழுத்தையும் ஒருமுறை பாருங்கள். அது நனைந்து மின்னினால் அந்தக் குதிரைக்கு வேர்வை நிற்கவில்லை.