ஃப்ரீபிஎஸ்டி ஜெயில்: உள்ள போட்டா மட்டும் போதாது

நான் செக்யூரிட்டி ஆடிட்டுக்குப் போற சர்வர்கள்ல "இதெல்லாம் ஜெயில்ல இருக்குங்க, பயம் இல்ல"ன்னு அட்மின்கள் சொல்றத அடிக்கடி கேக்குறேன். ஜெயில்னா ஃப்ரீபிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டம்ல ஒரே மெஷினுக்குள்ள புரோகிராம்கள தனித்தனி அறையா பூட்டி வைக்கிற வசதி, அந்த ஜெயில்கள தாங்குற மெயின் சிஸ்டம்தான் ஹோஸ்ட். நல்ல விஷயம்தான், 2000ல ஃப்ரீபிஎஸ்டி 4.0ல வந்ததுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் உறுதியா நிக்குது, சிஹெச்-ரூட்டுங்கற (chroot) பழைய வழி மாதிரி ஃபைல்களை மட்டும் பிரிக்காம ப்ராசஸ், யூசர், நெட்வொர்க் எல்லாத்தையும் பிரிக்குது. ஆனா சிஸ்டத்தோட மையமான கெர்னல் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். கெர்னல்ல ஓட்டை இருந்தா எத்தனை ஜெயில் போட்டும் பிரயோஜனம் இல்ல. அது போக செட்டிங்ல விடுற ஓட்டைங்கதான் நான் அதிகமா பாக்குறது.

முக்கியமானது 127.0.0.1, அதாவது மெஷின் தனக்குத்தானே பேசிக்கிற லூப்பேக் அட்ரஸ். விநெட் (VNET, ஜெயிலுக்குத் தனி நெட்வொர்க் குடுக்குற வசதி) இல்லாத சாதாரண ஜெயில்ல லூப்பேக்னு தனியா எதுவும் கிடையாது. உள்ள இருக்குற டேட்டாபேஸ் 127.0.0.1ல லிசன் பண்றேன்னு (இணைப்புக்குக் காத்திருக்கேன்னு) சொன்னா, அந்த அட்ரஸ் ஜெயிலுக்குக் குடுக்கலன்னா, கெர்னல் அத ஜெயிலோட முதல் ஐபிக்கு சத்தமில்லாம மாத்திடும். அந்த முதல் ஐபி பப்ளிக்கா இருந்துச்சுன்னா, லோக்கல்தானேன்னு பாஸ்வேர்டு கூட வைக்காம விட்ட சர்வீஸ் நேரா இன்டர்நெட்ல நிக்கும், கான்ஃபிக் ஃபைல பாத்தா எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும், அதான் ஆபத்து. அதனால கான்ஃபிக்க நம்பாதீங்க, ஹோஸ்ட்ல சாக்ஸ்டாட் (sockstat) கமாண்ட ஓட்டி எந்த அட்ரஸ்ல எது லிசன் பண்ணுதுன்னு கண்ணால பாருங்க. சரி பண்ண ரெண்டு வழி இருக்கு: குளோன் பண்ணுன லூப்பேக் இன்டர்ஃபேஸ்ல ஒரு பிரைவேட் அட்ரஸ் குடுத்து சர்வீஸ அதுல கட்டுறது, இல்லன்னா விநெட். 12.0லேர்ந்து ஜெனரிக் கெர்னல்லயே விநெட் இருக்கு, ஜெயிலுக்குன்னு தனி நெட்வொர்க் ஸ்டாக்கே கிடைக்கும், புதுசா ஆரம்பிக்கிறவங்க அதுக்கே போங்கன்னுதான் சொல்வேன்.

இதே சாக்ஸ்டாட்ல ஹோஸ்டோட எஸ்எஸ்ஹெச் (தூரத்துலேர்ந்து லாகின் பண்ற சர்வீஸ்) எல்லா ஐபிலயும் உக்காந்திருக்கான்னும் பாத்துருங்க. ஜெயிலோட ஐபிக்கு லாகின் பண்றோம்னு நெனச்சு ஹோஸ்டுக்கே போய் நிப்பாங்க. லிசன் அட்ரஸ்ல ஹோஸ்ட் ஐபிய மட்டும் போடுங்க.

அடுத்தது பல பேருக்குத் தெரியாதது. ஜெயிலுக்குள்ள ரூட் (முழு அதிகாரம் உள்ள அக்கவுண்ட்) பிடிச்ச ஒருத்தனுக்கு ஹோஸ்ட்ல ஒரு சாதாரண யூசர் அக்கவுண்டும் இருக்குன்னு வைங்க. உள்ள ஒரு ஷெல்ல காப்பி பண்ணி செட்-யூஐடி பிட் (யார் ஓட்டுனாலும் ஃபைலோட ஓனர் அதிகாரத்துல ஓட வைக்கிற குறி) போட்டுடுவான், அப்புறம் ஹோஸ்ட் பக்கத்துலேர்ந்து ஜெயில் டைரக்டரிக்குள்ள போய் அத ஓட்டுனா ஹோஸ்டுக்கே ரூட். சுவர ஒடைக்கவே வேண்டாம், ஏற்கனவே திறந்திருக்குற கதவு வழியா வர்ற மாதிரி. ஜெயில்கள் எல்லாம் இருக்குற மேல் டைரக்டரிக்கு 0700 பர்மிஷன் (ஓனர் மட்டும் நுழையலாம்) போடுங்க, அவ்ளோதான். ஜெயிலோட ரூட் டைரக்டரிக்கே அத போட்டுடாதீங்க, உள்ள இருக்குற ரூட் இல்லாத யூசர்கள் எல்லாம் மாட்டிக்குவாங்க.

ரிசோர்ஸ் லிமிட்டும் வைக்கணும், ஆர்சிடிஎல்ங்கற (rctl) லிமிட் டூல்ல ப்ராசஸ் எண்ணிக்கைக்காவது ஒரு வரம்பு போடுங்க. லோடர் கான்ஃபிக்ல ராக்ட்ட (racct, எவ்ளோ ரிசோர்ஸ் செலவாகுதுன்னு கணக்கு வைக்கிற வசதி) ஆன் பண்ணி ரீபூட் பண்ணலன்னா அந்த ரூல் எதுவும் வேலை செய்யாது.

கடைசியா அப்டேட். ஹோஸ்ட்ட ஒழுங்கா பேட்ச் பண்றவங்க கூட ஜெயில்கள அப்படியே விட்டுடுறாங்க. ஒவ்வொரு ஜெயிலுக்கும் அதோட யூசர்லேண்ட் (கெர்னல் தவிர்த்த சிஸ்டம் ஃபைல்கள்), அதோட பேக்கேஜ்கள் தனி, பேக்கேஜ்கள்ல தெரிஞ்ச ஓட்டை இருக்கான்னு பாக்குற பிகேஜி ஆடிட் (pkg audit) ஹோஸ்ட்ல க்ளீனா வந்தா அது ஹோஸ்டுக்கு மட்டும்தான், ஒவ்வொரு ஜெயிலுக்கும் தனியா ஓட்டணும். வெர்ஷன் மாத்தும்போது ஹோஸ்ட் கெர்னல்தான் முதல்ல, ஜெயில் யூசர்லேண்ட் கெர்னலவிட புதுசா இருக்கக் கூடாது. இசட்எஃப்எஸ் (ZFS) ஃபைல் சிஸ்டம் இருந்தா முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கோங்க, சொதப்புனா ஒரு ரோல்பேக்ல திரும்பிடலாம். முடிச்சதும் ஜெயில ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழைய லைப்ரரிய மெமரில வச்சுக்கிட்டு ஓடுற ப்ராசஸுக்கு பேட்ச் போய்ச் சேராது.