100-க்கு அடித்தால் யார் வர வேண்டும்?

மனம் குழம்பித் தெருவில் நிற்பவருக்காக வரும் அழைப்புக்குப் போலீஸுக்குப் பதில் சுகாதாரப் பணியாளரை அனுப்பலாமா, அதற்கான பணத்தைப் போலீஸ் பட்ஜெட்டிலிருந்து எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒருவர் சட்டையில்லாமல் நின்று, கண்ணுக்குத் தெரியாத யாரையோ திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 100-க்குப் போன் போடுவார், ரோந்து வண்டி வரும். இறங்கும் ஏட்டுக்குத் திருடனைப் பிடிக்கத் தெரியும், கூட்டத்தைக் கலைக்கத் தெரியும். அந்த மனிதரின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க அவரிடம் கருவி இருக்காது.

பார்த்தே ஆக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்டவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே நன்றாக இறங்கினால் மூளைக்கு எரிபொருள் போதாது. வியர்க்கும், நாக்குக் குழறும், கோபம் வரும். பார்க்கிறவர்கள் குடிகாரர் என்றே நினைப்பார்கள். நிஜமாகவே பல வருடம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்துதான். மதுவின் அமுக்கத்துக்குப் பழகிய மூளை அது இல்லாமல் போனதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழும். இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம் வரும், இல்லாத பூச்சி உடம்பில் ஊரும், வலிப்பும் வரலாம். அவரை ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைத்தால் உயிரே போகலாம். மனச்சிதைவு உள்ளவருக்கோ யாரோ தன்னைக் கொல்ல வருவதாக ஏற்கெனவே பயம். காக்கியும் லத்தியும் அதட்டலும் அந்தப் பயத்தை உறுதிப்படுத்தும். அட்ரினலின் ஏறும், ஓடுவார் அல்லது கை ஓங்குவார். போலீஸ் பிடி இன்னும் இறுகும்.

அமெரிக்காவின் யூஜின் நகரில் 1989 முதல் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு ஒரு மருத்துவப் பணியாளரும் ஒரு மனநலப் பணியாளரும் வேனில் போனார்கள். சாதாரண உடை, ஆயுதம் கிடையாது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட 2020-இல் டென்வர் நகரமும் இதைத் தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில், வேன் ஓடிய பகுதிகளில் அத்துமீறி நுழைதல், பொது இடத்தில் ரகளை போன்ற சிறு குற்றப் பதிவுகள் 34 சதவீதம் குறைந்தன என்று ஆய்வு காட்டியது. வன்முறைக் குற்றங்கள் அதனால் கூடவில்லை. ஆனால் யூஜினில் 2025 ஏப்ரலில் அந்தச் சேவை நின்றது, பணம் இல்லாமல். நல்ல திட்டம் என்ற பெயர் மட்டும் வேனுக்கு டீசல் போடாது.

பணம்தான் சென்னையிலும் சிக்கலான இடம். அந்த அமெரிக்க நகரங்களில் போலீஸ் பட்ஜெட்டை நகர மன்றம் போடுகிறது. இங்கே ரிப்பன் மாளிகையில் இருக்கும் மாநகராட்சிக்கு அதில் கையே இல்லை, காவல் மாநில அரசின் பொறுப்பு. சட்டமன்றத்தில் காவல் துறைக்கு ஒரு மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான தொகையை ஒதுக்கக் கேட்பது; மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வேறொன்று. ஒரே மானியத்துக்குள் ஒரு செலவுக்கான பணத்தை வேறு செலவுக்கு மாற்ற வழி உண்டு. ஒரு மானியத்திலிருந்து இன்னொன்றுக்கு அதிகாரிகள் தாமாக மாற்ற முடியாது, சட்டமன்றமே ஒதுக்க வேண்டும். போலீஸ் செலவில் பெரும்பங்கு சம்பளம் என்பதால் ஒரே வருடத்தில் வெட்டவும் முடியாது. வெட்டவும் கூடாது என்பேன்: மாற்று ஏற்பாடு தெருவுக்கு வரும் முன் ரோந்தைக் குறைத்தால் அடிபடுவது ஏழைகள்தான். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் புதிதாகச் சேரும் தொகையில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்குத் திருப்புவதே நடக்கக்கூடிய வழி.

சட்டம் தயாராகவே இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416-க்கு அடித்தால் மனநல ஆலோசகர் போனில் பேசுவார். தெருவிலிருந்து கீழ்ப்பாக்கம் வரையிலான அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

முதல் செலவு வேனுக்குக்கூட வேண்டாம். கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்டுக்கு ஒரு மனநலச் செவிலியரை உட்கார வைக்கலாம். கையில் ஆயுதம் இருக்கிறதா, யாருக்காவது அடிபட்டதா, சுகர் பேஷண்டா, கடைசியாக எப்போது குடித்தார் என்று அவர் கேட்பார். பதிலைப் பொறுத்து போலீஸா, 108-ஆ, இரண்டுமா என்று அனுப்புவார்.